அம்மாவுடன் காஸ்தில்யாவில் ஆறு நாள்

2024 அக்டோபர் 10, வியாழன் – அவிலா

ஸ்பெயினின் காஸ்தில்யா வட்டாரத்துக்கு வந்த இந்தப் பயணத்துக்குக் காரணம் ரெண்டு. அம்மாவுக்கு அவிலா தெரேசம்மாள், பதினாறாம் நூற்றாண்டுத் துறவி, புனிதர். பதினஞ்சாம் தேதி அவர் திருநாளை அவர் இறந்த ஊரில் பார்த்துவிட வேண்டும் என்பது எழுபத்தொரு வயதில் அம்மாவின் நேர்ச்சை. எனக்கு, மொழிபெயர்த்த குற்றத்துக்காகச் சிறைக்குப் போன ஒரு பேராசிரியர். தூத்துக்குடியில் கோர்ட் பத்திரங்களை மொழிபெயர்த்துப் பிழைக்கிறவள் நான். அவர்மேல் எனக்கொரு தொழில்முறைப் பாசம்.

அவிலா கடல்மட்டத்திலிருந்து 1,100 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஸ்பெயினின் மாகாணத் தலைநகரங்களில் இதுதான் உயரமானது. மழை விட்டிருந்தது, காற்று விடவில்லை. கடற்கரையில் பிறந்த அம்மா ரெண்டு ஸ்வெட்டருக்கு மேல் சேலையைச் சுற்றி, அதற்கு மேல் என் கோட்டையும் மாட்டிக்கொண்டு, "இந்தக் குளிர்ல ஜெபம் பண்ணாம வேற என்னட்டி செய்ய முடியும்?" என்றாள். ஊரைச் சுற்றி இரண்டரைக் கிலோமீட்டர் கோட்டைச் சுவர். பார்க்கப் பார்க்க அலுக்காத சுவர்தான். ஆனால் அம்மாவின் முழங்காலுக்கு முதல் படிக்கட்டே போதுமாகிவிட்டது.

தெரேசா பிறந்த வீடு இருந்த இடத்தில் இப்போது ஒரு மடமும் கோயிலும் இருக்கின்றன. பக்கத்து அறையில், கண்ணாடிக்குள், அவருடைய விரல் ஒன்று மோதிரத்தோடு இருக்கிறது. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். அம்மா அதன் முன்னால் கால் மணிநேரம் நின்றாள். வெளியே வந்ததும், "எழுதின விரலாட்டி அது?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். "எழுதின விரலாத்தான் இருக்கும்" என்று அவளே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

அக்டோபர் 11, வெள்ளி – அவிலா

இன்று சாப்பாட்டில் மாட்டிக்கொண்டோம். வெள்ளிக்கிழமை அம்மா கவுச்சி தொடமாட்டாள். மெனு அட்டையில் 'பதாதாஸ் ரெவோல்கோனாஸ்' என்றிருந்தது. பதாதாஸ் என்றால் உருளைக்கிழங்கு என்பது வரை எனக்குத் தெரியும், தைரியமாகச் சொல்லிவிட்டேன். மிளகாய்த்தூள் நிறத்தில் மசித்த கிழங்கு வந்தது. அதன் தலையில் பொரித்த பன்றித்தோல் மொறுமொறுவென்று கிரீடம் மாதிரி. பரிமாறியவர் அறுபது வயதுக்காரர். அம்மா கையெடுத்துக் கும்பிட்டு மறுத்ததைப் பார்த்துப் பதறிப்போய்த் தட்டைத் தூக்கிக்கொண்டு போனார். பதிலுக்கு அவரே தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்தது இந்த வட்டாரத்துப் பெரிய வெள்ளை மொச்சை. அதற்குள் பன்றித் தொத்திறைச்சி மிதந்தது. மூன்றாவதாக முட்டையும் கிழங்கும் சேர்த்த தொர்த்தியா. அதுதான் அம்மாவுக்கு உள்ளே போனது. ஆளுக்குப் பதினைந்து யூரோ. வீணான ரெண்டு தட்டுக்கும் அவர் காசு வாங்கவில்லை.

நானூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் அம்மா இப்படிப் பன்றிக்கறியை ஒதுக்கியிருந்தால் பக்கத்து மேஜைக்காரர் போய் எழுதிக் கொடுத்திருப்பார். ஞானஸ்நானம் வாங்கிய யூதர்கள் ரகசியமாகப் பழைய மதத்திலேயே இருக்கிறார்களா என்று கண்காணித்த காலம் அது. பன்றியைத் தொடாமலிருப்பதும், சனிக்கிழமை அடுப்பு மூட்டாமலிருப்பதும் இன்குவிசிஷன் என்ற சமய விசாரணை மன்றத்துக்குப் போதுமான அடையாளங்கள்.

தெரேசாவின் தாத்தாவே அந்த மன்றத்தில் நின்றவர். தொலேதோ நகரத்துத் துணி வியாபாரி, பெயர் ஹுவான் சாஞ்செஸ். 1485-இல் யூத வழக்கத்துக்குத் திரும்பியதாகத் தண்டிக்கப்பட்டு, அவமான அங்கி போட்டுக்கொண்டு ஏழு வெள்ளிக்கிழமை ஊர்க் கோயில்களைச் சுற்றி ஊர்வலம் போனார். பிறகு குடும்பம் அவிலாவுக்கு வந்து, பேர் சம்பாதித்து, பழசை மறைத்தது. மறைத்ததும் நன்றாகத்தான் மறைந்தது. 1940-களில் ஒரு பழைய வழக்குக் கட்டு வெளிவரும்வரை உலகத்துக்குத் தெரியாது. என்ன வழக்கு? தெரேசாவின் அப்பாவும் சித்தப்பாமாரும், 'நாங்கள் மேட்டுக்குடி, எங்களுக்கு வரி கிடையாது' என்று போட்ட வழக்கு. வரியை மிச்சம்பிடிக்கப் போய் வம்சாவளியை நீதிமன்றத்தில் பதியவைத்துவிட்டார்கள். கோர்ட் பத்திரம் படிக்கிற எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. குடும்ப ரகசியங்கள் எல்லாம் வாய்தாக்களுக்கு நடுவில்தான் கிடைக்கும்.

சாயங்காலம், சுவருக்கு வெளியே இருக்கும் அவதாரத் திருமடத்துக்குப் போனோம். 1535-இல் தெரேசா சேர்ந்த கார்மேல் மடம். இங்கிருந்து கிளம்பித்தான் 1562-இல் தன்னுடைய முதல் சீர்திருத்த மடத்தைத் தொடங்கினார். அந்தச் சீர்திருத்தத்தில் அவருக்குக் கூட்டாளியான துறவி, கவிஞர் சிலுவை அருளப்பர் இங்கே ஐந்து வருஷம் ஆன்ம குருவாக இருந்தார். 1577 டிசம்பரில் அவரைப் பிடித்துக்கொண்டு போய்த் தொலேதோவில் அடைத்தது இன்குவிசிஷன் அல்ல, சீர்திருத்தம் பிடிக்காத அவருடைய சொந்தச் சபைத் துறவிகளே. அவருடைய பெரிய கவிதையின் ஒரு பகுதி அந்த இருட்டறையில் உருவானது. அடுத்த ஆகஸ்டில் தப்பித்தார். அவர் வரைந்த ஒரு சின்னச் சித்திரம் இந்த மடத்தில் இருக்கிறது. சிலுவையில் தொங்கும் இயேசுவை மேலேயிருந்து, சாய்வாகப் பார்க்கிற கோணம். உள்ளங்கை அளவுதான். பின்னாளில் ஓவியர் சால்வதோர் தாலிக்கு அவருடைய பிரபலமான ஓவியத்துக்கான பொறி இதிலிருந்துதான் கிடைத்தது. அம்மா எட்டிப் பார்த்து, "மச்சுல நின்னு பாத்தா இப்படித்தான் தெரியும்" என்றாள்.

ராத்திரி ஒரு பெட்டி 'யெமாஸ்' வாங்கினோம். முட்டை மஞ்சள்கருவும் சர்க்கரையும் உருட்டிய உருண்டை. தெரேசாவின் பெயரைப் போட்டு விற்கிறார்கள். ஒன்று தின்றால் தித்திப்பு, ரெண்டாவது திகட்டல். மிச்சம் கைப்பைக்குள் போனது.

அக்டோபர் 12, சனி – சலமான்கா

ஸ்பெயினின் தேசிய நாள். 1492-இல் கொலம்பஸ் கரை கண்ட தேதி. கடைகள் அநேகமாக மூடல். அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் தேடி, திறந்திருந்த ஒரு மருந்துக்கடையைக் கண்டுபிடிக்க முக்கால் மணிநேரம் ஆனது. காப்பிக் கடைத் தொலைக்காட்சியில் மாட்ரிட் ராணுவ அணிவகுப்பு ஓடியது. ஒருவரும் பார்க்கவில்லை. ஓர்னாசோ என்ற இறைச்சி அடைத்த ரொட்டியைத் துண்டு போட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். நானும் ஒரு துண்டு, மூன்றரை யூரோ. அதிலும் பன்றிதான், ஆனால் இன்று சனிக்கிழமை.

மத்தியானத்துக்கு மேல் சான் எஸ்தெபான் மடம். தொமினிக் சபையாருடையது. முகப்பு முழுக்கக் கல்லில் சித்திரத் தையல் போட்ட மாதிரி வேலைப்பாடு. வெளியே பிரான்சிஸ்கோ தெ வித்தோரியாவுக்குச் சிலை. 1526 முதல் 1546-இல் சாகும்வரை இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் முதன்மை இறையியல் பேராசிரியர். கடைசி வருஷங்களில் வாதநோய் முற்றி, நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டுபோய் வகுப்பில் இறக்குவார்களாம். 1534-லேயே ஒரு கடிதத்தில், பெருவில் ஸ்பானியர்கள் செய்ததைக் கேட்டால் உடம்பில் ரத்தம் உறைந்துபோகிறது என்று எழுதியவர். 1539-இல் அதையே விரிவுரையாக்கினார். அமெரிக்கப் பழங்குடிகளே அவர்கள் நிலத்துக்கு உரிமையாளர்கள். பேரரசர் உலகம் முழுவதற்கும் அரசர் அல்ல. போப்புக்கு அவர்கள்மேல் ஆட்சியதிகாரம் கிடையாது. கிறிஸ்தவத்தை ஏற்க மறுத்தார்கள் என்பது போருக்குக் காரணமாகாது. அதே நவம்பரில் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் இந்த மடத்து அதிபருக்குக் கடிதம் போட்டார்: உங்கள் ஆட்கள் இதைப் பற்றி இனிமேல் பேசக் கூடாது, எழுதியதை ஒப்படைக்க வேண்டும்.

இத்தோடு நிறுத்தினால் வித்தோரியா பெரிய ஆள். ஆனால் விரிவுரையின் மீதியையும் படிக்க வேண்டும். எந்த நாட்டுக்கும் போக, வியாபாரம் செய்ய, போதிக்க எல்லா மனிதருக்கும் உரிமை உண்டு, அதைப் பழங்குடிகள் தடுத்தால் போர் தொடுக்கலாம் என்கிறார். முன்வாசலைச் சாத்திவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்துவைத்த கதை. வியாபாரம் செய்யவென்று வந்தவர்கள் பிறகு என்ன செய்தார்கள் என்று தூத்துக்குடிக்காரிக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம்.

இதே மடம் 1527-இல் இன்னொருவரை ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு அழைத்தது. சாப்பாடு முடிந்ததும், 'நீ போதிப்பது படித்து வந்ததா, பரிசுத்த ஆவி சொல்லிக்கொடுத்ததா?' என்று கேட்டு மடக்கி, மூன்று நாள் உள்ளேயே வைத்திருந்து, பிறகு ஊர்ச் சிறைக்கு அனுப்பினார்கள். இருபத்திரண்டு நாள் சங்கிலி. அவர் பின்னாளில் இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார். அடுத்து பாரிசுக்குப் போனார், அங்கே நம் சவேரியாரைச் சந்தித்தார். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சோத்தப் போட்டுட்டா கதவச் சாத்தினாங்க?" சிறை கூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. பந்தியில் உட்காரவைத்துவிட்டு அப்படிச் செய்ததுதான்.

அக்டோபர் 13, ஞாயிறு – சலமான்கா

காலைப் பூசை முடிந்து பல்கலைக்கழகம். 1218-இல் தொடங்கியது, நுழைவு பத்து யூரோ. முகப்பில் எங்கோ ஒரு மண்டையோட்டின் மேல் ஒரு தவளை உட்கார்ந்திருக்கிறது. அதைத் தானாகக் கண்டுபிடிக்கிற மாணவன் பாஸ் என்பது நம்பிக்கை. ஐம்பது பேர் அண்ணாந்து கழுத்து வலிக்க நிற்கிறார்கள். அம்மாவுக்குத் தவளை அகப்படவில்லை. ஆனால் கதீட்ரல் வாசலில் விண்வெளி வீரர் ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டாள். 1992 சீரமைப்பில் கல்தச்சர்கள் செதுக்கிச் சேர்த்தது.

நான் வந்தது ஒரு வகுப்பறைக்காக. தாழ்ந்த உத்தரம், ஜன்னல் வெளிச்சம், மேடைமேல் கூரை போட்ட ஆசிரியர் இருக்கை. கீழே சரியாக இழைக்கப்படாத மரக்கட்டைகள்தான் பெஞ்சு, எழுத முன்னால் இன்னொரு கட்டை. லூயிஸ் தெ லெயோன் பெயரால் இதைப் பாதுகாக்கிறார்கள். அகுஸ்தீன் சபைத் துறவி, கவிஞர், எபிரேயம் தெரிந்த பேராசிரியர். லத்தீன் தெரியாத ஒரு கன்னியாஸ்திரிக்காக, விவிலியத்தின் இனிமைமிகு பாடலை எபிரேயத்திலிருந்து ஸ்பானிய மொழியில் பெயர்த்து விளக்கம் எழுதினார். கைப்படியாக அது ஊரெல்லாம் பரவியது. தாய்மொழியில் விவிலியம் தடைசெய்யப்பட்டிருந்த காலம். அத்தோடு, திருச்சபை ஏற்ற லத்தீன் மொழிபெயர்ப்பில் பிழைகள் இருக்கின்றன, எபிரேய மூலத்தைப் பாருங்கள் என்றும் வகுப்பில் சொல்லிவந்தார். சக பேராசிரியர்களே புகார் கொடுத்தார்கள். இவருடைய முன்னோரிலும் மதம் மாறிய யூதர்கள் இருந்தார்கள், அதையும் சேர்த்துக்கொண்டார்கள். 1572 மார்ச்சில் கைது. 1576 டிசம்பரில்தான் விடுதலை. அவரோடு பிடிபட்ட இன்னொரு பேராசிரியர் கஸ்பார் தெ கிராஹால் சிறையிலேயே செத்துப்போனார்.

திரும்பிவந்த முதல் வகுப்பில் 'நேற்று நாம் சொல்லிக்கொண்டிருந்தது போல...' என்று தொடங்கினாராம். ஸ்பெயினில் எல்லோருக்கும் இந்தக் கதை தெரியும். அவர் செத்துப் பல வருஷத்துக்குப் பிறகுதான் அது எழுத்தில் வருகிறது. பழைய பதவியும் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை, வேறொன்று கொடுத்தார்கள். அதனால் நான் நம்பவில்லை. ஏறக்குறைய ஐந்து வருஷம் உள்ளே இருந்தவர் அவ்வளவு சுலபமாகத் தொடங்கியிருப்பார் என்று நினைக்க மனசு வரவில்லை.

"மொழிபெயர்த்ததுக்கா உள்ள போட்டாங்க?" என்றாள் அம்மா, பெஞ்சைப் பார்த்தபடி. எந்த மொழியில் சாமியிடம் பேசலாம் என்ற சண்டை நம் ஊரில் 'தமிழில் அர்ச்சனை செய்யப்படும்' பலகை வரை வந்திருக்கிறதே என்றேன். அவள் யோசனை வேறு பக்கம் போயிருந்தது. "சவேரியாரு தமிழ்லதான ஜெபம் சொன்னாரு?"

சொன்னார். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, நம் ஆட்களை வைத்து விசுவாசப் பிரமாணத்தையும் மற்ற ஜெபங்களையும் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார். 1544-இல் தன் உடன்பணியாளர் மன்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு திருத்தம் இருக்கிறது: பிரமாணத்தில் 'எனக்கு வேணும்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். 'வேணும்' என்றால் ஆசைப்படுவது, அதை எடுத்துவிட்டு 'விசுவாசம்' என்று போடுங்கள். அதாவது அதுவரை கடற்கரை முழுக்க 'கடவுளை நம்புகிறேன்' என்பதற்குப் பதில் 'கடவுள் வேணும்' என்று சொல்லியிருக்கிறது. மொழிபெயர்ப்பாளர்களுக்கு நடக்கிற விபத்துதான். இவரை யாரும் உள்ளே போடவில்லை.

இதைச் சொல்லி நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. "வேணும்னா என்னட்டி தப்பு? கடலுக்குப் போறவன் வேணும்னுதான் கேப்பான்."

அக்டோபர் 14, திங்கள் – வல்லதோலித்

முட்டாள்தனத்துக்கு ஒரு நாள் ஒதுக்க வேண்டுமென்றால் அது இந்த நாள். விடியற்காலையில் எழுந்து, பேருந்தில் ஒன்றரை மணிநேரம், அங்கிருந்து மழையில் நடந்து, சான் கிரெகோரியோ கல்லூரிக் கட்டடத்துக்குப் போனால் கதவு மூடியிருக்கிறது. இப்போது அது தேசியச் சிற்ப அருங்காட்சியகம். திங்கட்கிழமை விடுமுறை. நான் தேதியைப் பார்த்தேன், கிழமையைப் பார்க்கவில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அது திட்டுவதைவிட மோசம்.

முகப்பையாவது பார்த்தோம். கல்லில் ஒரு மாதுளை மரம், சுற்றிலும் உடம்பெல்லாம் ரோமம் முளைத்த காட்டு மனிதர்கள். 1550–51-இல் இந்தக் கல்லூரியில் ஒரு வாதம் நடந்தது. பழங்குடிகள்மேல் போர் தொடுத்துப் பணியவைத்துவிட்டுப் பிறகு போதிப்பது சரியா என்பது கேள்வி. சரி என்றவர் செபுல்வேதா என்ற அறிஞர், அரிஸ்டாட்டிலின் 'பிறப்பிலேயே அடிமை' என்ற கருத்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று மணிநேரம் பேசினார். தப்பு என்றவர் லாஸ் காசாஸ், அமெரிக்காவில் முன்பு தானே பழங்குடி வேலையாட்களை வைத்திருந்து, மனம் மாறித் துறவியாகிப் பிறகு ஆயரானவர். அவர் எழுதிக் கொண்டுவந்ததை ஐந்து நாள் வாசித்தார். கேட்டவர்கள் தாங்காமல், தங்களில் ஒருவரான தொமிங்கோ தெ சோத்தோவிடம் சுருக்கித் தரச் சொன்னார்கள். முடிவு? நடுவர் தீர்ப்புச் சொல்லாத பட்டிமன்றம். ரெண்டு பக்கமும் தான் ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டது.

மூடிய கதவுக்கு முன்னால் குடைபிடித்து நின்றபோது இன்னொன்று தோன்றியது. வித்தோரியா சொன்னது லத்தீனில், வகுப்பறைக்குள். அவர் உயிரோடிருந்தவரை அச்சேறவில்லை. லாஸ் காசாஸ் 1552-இல், பழங்குடிகள் பட்ட கொடுமைகளைச் சொல்லும் தன் சிறு புத்தகத்தை ஸ்பானிய மொழியில் அச்சடித்தார். சில பத்தாண்டுகளில் ஐரோப்பாவின் பல மொழிகளுக்குப் போய்விட்டது. தர்க்கத்தில் வித்தோரியா கூர்மை, லாஸ் காசாஸ் சத்தம்தான் அதிகம். ஆனால் அரசுக்கு வலித்தது இந்தச் சத்தத்தில்தான்.

மதியம் சூடான பூண்டு சூப். ரொட்டியும் முட்டையும் மிதந்தன. அதன் பிறகுதான் அம்மா பேசினாள்: "நாளைக்காவது கிழமையப் பாத்தியா?"

அக்டோபர் 15, செவ்வாய் – ஆல்பா தெ தோர்மெஸ்

பார்த்திருந்தேன். சலமான்காவிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம். பேருந்து நிறைய பாட்டிமார். எல்லோர் கையிலும் மடக்கு நாற்காலி இல்லையென்றால் விசிறி. இந்தக் குளிரில் விசிறி எதற்கு என்று கோயிலுக்குள் போனதும் தெரிந்தது. அத்தனை கூட்டம்.

தெரேசா இங்கேதான் இறந்தார், 1582 அக்டோபர் 4, வியாழன் இரவு. மறுநாள் வெள்ளிக்கிழமை, தேதி அக்டோபர் 15. போப் பதிமூன்றாம் கிரகோரி நாட்காட்டியைத் திருத்தி, நடுவிலிருந்த பத்து நாளை எடுத்துவிட்ட இரவு அது. அம்மாவுக்கு இது சரிப்படவில்லை. "அந்தப் பத்து நாள்ல பொறந்தவங்க என்ன செய்வாங்க?" யாரும் பிறக்கவில்லை, அப்படி ஒரு நாளே வரவில்லை என்றேன். வட்டிக்காரன் பத்து நாளைக்கும் சேர்த்து வாங்கியிருப்பானா என்று கேட்டாள். நல்ல கேள்வி.

உடல் பீடத்துக்கு மேலே, உயரத்தில் இருக்கிறது. ஆகஸ்டில்தான் கல்லறையைத் திறந்து ஆராய்ந்திருந்தார்கள். இதயமும் ஒரு கையும் தனிப் பேழைகளில். எனக்கு இன்னும் பழகவில்லை. முன்வரிசையில் இடம் இருந்தது, உட்கார்ந்தோம். ஒரு பாட்டி வந்து அம்மாவின் தோளைத் தொட்டு நீளமாகப் பேசினார். அம்மா, "நாங்க தூத்துக்குடி, பனிமய மாதா கோயில்" என்று தமிழில் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டாள். பாட்டி மறுபடியும் பேசினார், அம்மா மறுபடியும் சிரித்தாள். மூன்றாவது முறைதான் நான் கைப்பேசியைக் காட்டி மொழிபெயர்த்துப் பார்த்தேன். அது ஊர்ப் பிரமுகர்களுக்கு ஒதுக்கிய வரிசை, எழுந்திருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். எழுந்தோம். பாட்டி எங்களை விட்டுவிடவில்லை. தன் வரிசையில் இருந்தவர்களை நெருக்கி இடம் பண்ணிக் கொடுத்தார்.

பூசை நடுவில் அம்மாவிடம் கிசுகிசுத்தேன். தெரேசாவுக்கு லத்தீன் படிக்கத் தெரியாது. 1559-இல் தலைமை விசாரணையாளர் வால்தெஸ் போட்ட தடைப்பட்டியலில், அவர் விரும்பிப் படித்த தாய்மொழி ஆன்மிகப் புத்தகங்கள் போயின. வருத்தப்பட்டிருக்கிறார். 'நான் உனக்கு உயிருள்ள புத்தகம் தருகிறேன்' என்று ஆண்டவர் சொன்னதாக எழுதிவைத்தார். அப்புறம் அவரே எழுத ஆரம்பித்தார், பேசுகிற மொழியில். சட்டிபானைகளுக்கு நடுவிலும் ஆண்டவர் நடமாடுகிறார் என்று சமையல் வேலைக்குப் போன கன்னியர்களுக்குச் சொன்னவர். அவருடைய வாழ்க்கை வரலாற்றுக் கைப்பிரதியும் இன்குவிசிஷன் கையில் மாட்டியது. எழுத்துகளைத் தொகுத்து 1588-இல் சலமான்காவில் அச்சுக்குக் கொண்டுவந்தது யார் தெரியுமா? அந்த மரப்பெஞ்சு வகுப்பு லூயிஸ். ரெண்டு பேரும் ஒருமுறைகூடப் பார்த்துக்கொண்டதில்லை. முன்னுரையில் அதைச் சொல்லியே தொடங்குகிறார்: உயிரோடிருந்தபோது நான் அவரைக் கண்டதில்லை, இப்போது அவருடைய கன்னியரிலும் புத்தகங்களிலும் காண்கிறேன்.

அம்மா, "பேசாம இரு, நற்கருணை எழுப்புறாங்க" என்றாள்.

ஊர்வலம் முடிய நேரமாகி, திரும்பும் பேருந்தைத் தவறவிட்டோம். டாக்ஸிக்கு நாற்பது யூரோ. ஓட்டுநர் பேரம் பேசுகிற ஆள் இல்லை. அம்மா பையிலிருந்து அவிலாவில் வாங்கிய யெமாஸ் பெட்டியை எடுத்தாள். நாலு நாளில் உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி மஞ்சள் களியாகியிருந்தன. ஒரு துண்டைப் பிய்த்து அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கி, கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்துக்கொண்டே மென்று, ஏதோ சொன்னார். கைப்பேசியைக் காட்டினேன். 'எங்கள் ஊர்ச் சர்க்கரை பாதாம் இதைவிட நல்லது, வாங்காமல் போகிறீர்களே' என்று வந்தது.

அம்மா கடையைத் தேடி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். வண்டி பாலத்தைத் தாண்டியிருந்தது.